உயிர்த்த ஞாயிறு காலையில் உங்கள் வீட்டில் என்ன நடக்கும்?

கொட்டாஞ்சேனை அப்பம்மா எழுதியது (2026 மார்ச் 9):

கொழும்பு 13இல் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் நாற்பது வருடமாகக் குடியிருக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியை. ஆகவே கேள்வி கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நோர்வேயில் இருக்கும் மகன் இந்த வருடம் பெரிய வாரத்துக்குக் குடும்பத்தோடு வருகிறான். பேத்திக்கு ஒன்பது வயது. போன வாரம் தொலைபேசியில், "அப்பம்மா, உங்கள் வீட்டில் ஈஸ்டர் முட்டையை எங்கே ஒளித்து வைப்பீர்கள்?" என்று கேட்டாள். "குளிர்சாதனப் பெட்டியில், கதவுப் பக்கத்துத் தட்டில்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "அப்படியென்றால் அன்று காலை நீங்கள் என்னதான் செய்வீர்கள்?" என்று அடுத்த கேள்வி. அதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

யோசித்துப் பாருங்கள். திருநீற்றுப் புதனில் தொடங்கி நாற்பது நாளும் நமக்கு ஒழுங்கு இருக்கிறது. வெள்ளிதோறும் சிலுவைப்பாதை. குருத்தோலை ஞாயிறன்று ஓலையில் சிலுவை பின்னிக் கதவில் செருகுவோம். பெரிய வியாழனில் பாதம் கழுவும் சடங்கு. பெரிய வெள்ளிக்குக் கஞ்சி, சிலுவை முத்தி செய்தல், பிறகு வீட்டில் மௌனம். அன்று சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது என் தாயாரின் சட்டம். இன்றுவரை நான் மீறியதில்லை. துக்கம் காக்க நமக்கு மணிக்கணக்கில் முறை இருக்கிறது. ஆனால் கல்லறை திறந்த பிறகு? சனி இரவு திருவிழிப்புப் பூசைக்குப் போய், பாஸ்காத் திரியில் மெழுகுதிரி ஏற்றி, நள்ளிரவு தாண்டி வீட்டுக்கு வந்து, காலையில் பால் அப்பமும் கோழிக்கறியும் தின்றுவிட்டுத் தூங்குகிறோம். அவ்வளவுதான் எங்கள் வீட்டு உயிர்ப்பு.

அந்த அப்பத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. முன்பெல்லாம் எங்கள் மாடித் தாழ்வாரத்தில் நீள மேசை போட்டு, ஆறு வீட்டுக்கும் நானே அப்பம் சுடுவேன். நீர்கொழும்பிலிருந்து வந்த சிங்களக் குடும்பம் கட்டைச் சம்பல் இடித்துக்கொண்டு வரும். கடைசி வீட்டுப் பறங்கி மூதாட்டி கஜு அரைத்து மார்சிபான் முட்டை செய்து தருவார். 2019 ஏப்ரல் 21 அன்று காலை 8.45க்கு நான் அப்பச்சட்டியைச் சுழற்றிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது. யார் வீட்டிலோ எரிவாயு சிலிண்டர் வெடித்துவிட்டது என்றுதான் நினைத்தோம். கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலம் எங்களுக்கு நடந்து போகும் தூரம். அதன் பிறகு கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு, ஹோட்டல்கள் என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. தற்கொலைக் குண்டுவெடிப்புகளில் இறந்தவர்கள் 260க்கும் அதிகமானோர். மிச்ச மாவு இரண்டு நாள் மூலையிலேயே இருந்து, பொங்கி வழிந்து, புளித்து நாறியது. எடுத்து ஊற்றினேன். அதற்குப் பிறகு தாழ்வாரத்தில் மேசை போடவில்லை. யாரும் போடச் சொல்லிக் கேட்கவும் இல்லை. இப்போது ஒவ்வொரு பாஸ்காவுக்கும் கைப்பையைத் திறந்து காட்டித்தான் ஆலய வாசலுக்குள் போகிறோம். பழகிவிட்டது.

இந்த வருடம் மேசை போடலாமா என்று பார்க்கிறேன். வெறும் சாப்பாட்டு மேசையாக இல்லாமல், பிள்ளைகள் கைவைத்துச் செய்ய ஏதாவது இருந்தால் நல்லது. ஆகவே என் கேள்வி: வெளிநாடுகளில் இருந்தவர்கள், பிற இனத்தாரோடு வாழ்ந்தவர்கள், அன்று வீட்டுக்குள் என்ன நடக்கக் கண்டீர்கள்? கண்ணால் கண்டதை எழுதுங்கள். சுற்றுலாக் கையேட்டில் இருப்பதை நானே வாசித்துக்கொள்வேன். வரவேற்பறையில் சாக்லேட் முயல் நிறுத்தும் ஹோட்டல்களைப் பற்றியும் எழுத வேண்டாம். முயலுக்கும் கல்லறைக்கும் என்ன தொடர்பு என்று இந்த வயதிலும் எனக்கு விளங்கவில்லை.

இன்னொன்று. எல்லாரும் இதை வசந்த விழா என்கிறார்கள். பனி உருகிப் பூ பூப்பது அவர்கள் நாட்டில். நமக்கு ஏப்ரலில் சூரியன் நேராக உச்சந்தலைக்கு மேல் வந்து நிற்கிறது. குயில் கத்துகிறது, முள்முருக்கு சிவப்பாகப் பூக்கிறது, கஜுப்பழம் வருகிறது, வியர்க்கிறது. இதற்குள் பொருந்துகிற எதையாவது சொல்லுங்கள்.

பேர்கன் மழை:

ரீச்சர், உங்கள் பேத்தி வளரும் நாட்டிலிருந்து எழுதுகிறேன். இருபத்தாறு வருடம் ஆகிவிட்டது. முதலில் ஒரு எச்சரிக்கை. நோர்வேக்காரர்களின் ஈஸ்டரை அவள் உங்களிடம் எதிர்பார்த்தால் கொழும்பில் பனிமலை தேட வேண்டியிருக்கும்.

இங்கே பெரிய வியாழனிலிருந்து திங்கள் வரை விடுமுறை. பாதிப் பேர் மலையிலுள்ள மரக்குடிலுக்குப் போய்விடுவார்கள். பனிச்சறுக்கு, தோடம்பழம், 'க்விக் லுன்ஷ்' என்ற சாக்லேட், ஒரு துப்பறியும் நாவல் — இந்த நான்கும் இல்லாவிட்டால் அது ஈஸ்டரே இல்லை. துப்பறியும் நாவல் எப்படி வந்தது என்று என்னோடு வேலை செய்பவர் ஒருவர் சொன்னார். 1923இல் ஈஸ்டருக்குச் சற்று முன்பு, பேர்கன் ரயில் கொள்ளையைப் பற்றிய ஒரு நாவலின் விளம்பரம் நாளிதழின் முதல் பக்கத்தில் செய்தித் தலைப்புப் போலவே வந்ததாம். உண்மைச் செய்தி என்று நம்பி ஊரே கலங்கிவிட்டது. நாவல் நன்றாக விற்றது. நூறு வருடம் தாண்டியும் ஈஸ்டர் என்றால் கொலைக் கதைதான். பால் பெட்டியின் பக்கவாட்டில்கூடச் சின்னத் துப்பறியும் படக்கதை அச்சிடுகிறார்கள். காலையில் கஞ்சிக்குப் பால் ஊற்றும்போது யார் கொலைகாரன் என்று என் மகன் யோசித்துக்கொண்டிருப்பான். நம் அம்மாமார் பார்த்தால் என்ன சொல்வார்கள்!

பிள்ளைகளுக்கு ஒளித்து வைப்பது கோழிமுட்டை அல்ல. அட்டையால் செய்த பெரிய முட்டை. இரண்டாகத் திறக்கலாம், உள்ளே இனிப்பு. அதைத்தான் உங்கள் பேத்தி கேட்டிருப்பாள்.

ஆனால் எனக்குப் பிடித்தது வேறு. எங்கள் கத்தோலிக்க ஆலயத்தில் போலந்துக்காரர் நிறையப் பேர். பெரிய சனிக்கிழமை பகலில் வெள்ளைத் துணி விரித்த சின்னக் கூடைகளோடு குடும்பம் குடும்பமாக வருவார்கள். அவித்த முட்டை, பாண், உப்பு, தொத்திறைச்சி, கடுகுபோலக் காரமான ஒரு கிழங்குத் துருவல், வெண்ணெயில் வடித்த ஆட்டுக்குட்டி எல்லாம் அதில் இருக்கும். சுவாமி தீர்த்தம் தெளித்து ஆசீர்வதிப்பார். மறுநாள் காலை அந்த முட்டையை வெட்டி, வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு கொடுத்து, வாழ்த்துச் சொல்லிய பிறகுதான் காலைச் சாப்பாடு. முதல் வருடம் நாங்கள் வெறுங்கையோடு நின்றோம். அடுத்த வருடம் என் மனைவி கூடை கட்டினார். முட்டை, உப்பு, பாண், கூடவே ஒரு போத்தல் சீனிச் சம்பல். சுவாமி அதற்கும் தீர்த்தம் தெளித்தார். பக்கத்தில் நின்ற போலந்துப் பாட்டி மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு, அடுத்த வருடம் தனக்கும் ஒரு போத்தல் வேண்டும் என்றார்.

பேசாலையான்:

அக்கா, வருத்தப்படாதீர்கள், கொஞ்சம் கடுமையாகவே எழுதுகிறேன். கடல் தாண்டிப் பார்ப்பதற்கு முன்னால் மன்னார் தாண்டிப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் பேசாலையில் உடக்குப் பாஸ் என்ற, உருவங்களை வைத்து ஆடும் திருப்பாடுகள் நாடகம் பார்த்தவர்கள் முட்டை, முயல் என்று பேச மாட்டார்கள். ஆள் உயர உருவங்களைப் பின்னால் மறைந்து நின்று இயக்குவார்கள். பாட்டும் வாசிப்பும் நடந்துகொண்டே இருக்கும். சிலுவையிலிருந்து இறக்கும் கட்டம் வரும்போது கிழவிகள் செத்த வீட்டில் அழுவதைப் போலவே அழுவார்கள். நீர்கொழும்பில் துவ என்ற இடத்தில் சிங்களவர்கள் சிலைகளும் ஆட்களும் கலந்து பாஸ்கா நாடகம் போடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் திருமறைக் கலாமன்றம் பெரிய மேடையில் திருப்பாடுகளை நாடகமாக்கியது.

இயேசுவின் பாடுகளைத் துக்கத்தோடு சொல்லும் வியாகுலப் பிரசங்கம் உங்கள் வீட்டில் இன்னும் வாசிக்கிறீர்களா? கோவாவிலிருந்து 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி எழுதியது. ஒல்லாந்தர் கத்தோலிக்கப் பூசையைத் தடைசெய்து வைத்திருந்த காலம் அது. ஊரூராக மறைந்து திரிந்து, தமிழையும் சிங்களத்தையும் கற்று, இரண்டிலும் எழுதிவிட்டு 1742இல் போலவத்தையில் இறந்தார். ராகம் போட்டு அதை வாசிக்க எங்கள் தகப்பனாருக்கு இரண்டு மணித்தியாலம் வேண்டும். எனக்கு அந்த ராகம் தெரியும். என் பிள்ளைகளுக்குத் தெரியாது. நீங்கள் பேத்திக்குக் கொடுக்க வேண்டியது அதைத்தான் என்பது என் கருத்து.

வெள்ளவத்தை வாசகி:

நான் சைவம். தெரியாமல்தான் கேட்கிறேன், யாரும் கோபிக்க வேண்டாம். இதில் முட்டை எப்படி வந்தது?

வத்தளை மைமுன்று:

வெள்ளவத்தைத் தங்கைக்கு: பழைய காலத்தில் தவக்காலம் முழுவதும் இறைச்சி மட்டுமல்ல, பாலும் முட்டையும்கூடச் சாப்பிடக் கூடாது. ஆனால் கோழிக்கு அது தெரியுமா? அது நாற்பது நாளும் இட்டுக்கொண்டே இருந்தது. சேர்ந்த முட்டையை அவித்து வைத்தார்கள், நோன்பு முடிந்ததும் முதலில் அதைத் தின்றார்கள். கல்லறை போல மூடியிருக்கிறது, உள்ளே உயிர் இருக்கிறது என்ற விளக்கம் அதன்மேல் வந்து சேர்ந்தது. முயலை ஜெர்மன்காரர்கள் கொண்டுவந்தார்கள்; அவர்கள்தான் அதை அமெரிக்காவுக்கும் ஏற்றுமதி செய்தார்கள். ரீச்சருடைய கேள்விக்கும் அதுதான் பதில். கல்லறைக்கும் முயலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

இனி என் கதை. பெய்ரூட்டில் ஒரு மரோனைட் கத்தோலிக்கர் வீட்டில் பதினொரு வருடம் வேலை செய்தேன். என் பிள்ளைகள் படித்தது அந்தச் சம்பளத்தில்தான். மனம் நொந்த நாட்களும் உண்டு, அதை இங்கே எழுதவில்லை. ஆனால் பெரிய வாரம் வந்தால் அந்த வீட்டுக் குசினி வேறு மாதிரி ஆகிவிடும்.

மஃமூல் என்று ஒரு பலகாரம். ரவையை வெண்ணெயில் பிசைந்து ஊறவிட்டு, நடுவில் பேரீச்சம்பழமோ வாதுமைக் கொட்டையோ பிஸ்தாவோ வைத்து, மர அச்சில் அமுக்கி, அச்சை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் பூப்போட்டு விழும். கொக்கிஸ் அச்சைப் போல் எண்ணெயில் தோய்ப்பதில்லை, போறணையில் சுடுவது. வீட்டம்மாவின் அக்கா தங்கைகள், அயல் வீட்டுப் பெண்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து செய்வார்கள். எந்த அச்சுக்குள் எந்தப் பருப்பு என்று ஒரு கணக்கு உண்டு, இல்லாவிட்டால் சுட்ட பிறகு எது எது என்று தெரியாது. தட்டும் சத்தம் வாசலிலேயே கேட்கும். அந்த மேசையில் எனக்கும் ஒரு அச்சுத் தந்தார்கள். வருடத்தில் அந்த இரண்டு நாள்தான் நான் அவர்களோடு சமமாக உட்கார்ந்து வேலை செய்த நாட்கள்.

ஞாயிறு காலை, சாயம் போட்ட முட்டைகளை ஒரு பெரிய தட்டில் வைப்பார்கள். வீட்டிலுள்ள ஆளுக்கொன்று எடுப்பார்கள். ஒருவர் முட்டையின் கூர்முனை தெரியக் கையில் பிடிக்க, மற்றவர் தன் முட்டையால் மேலிருந்து தட்டுவார். உடைந்தவர் தோற்றார். கடைசியில் உடையாத முட்டை வைத்திருப்பவருக்கு அந்த வருடம் அதிர்ஷ்டம். "அல்மசீஹ் காம்" என்று ஒருவர் சொல்ல, "ஹக்கன் காம்" என்று மற்றவர் சொல்வார். கிறிஸ்து எழுந்தார், மெய்யாகவே எழுந்தார் என்று பொருள். வலுவான முட்டையைத் தேர்ந்தெடுக்க எல்லாரும் அதை முன்பல்லில் மெல்லத் தட்டிச் சத்தம் கேட்பார்கள். கவனம் ரீச்சர், மர முட்டைக்குச் சாயம் போட்டுக் கொண்டுவரும் கள்ளர்களும் உண்டு. அந்த வீட்டுத் தாத்தா மூன்று வருடம் தொடர்ந்து வென்றபோதுதான் பிடித்தோம்.

சாயம் செய்வது சுகம். பம்பாய் வெங்காயத் தோலை ஒரு சட்டி நிறையப் போட்டுத் தண்ணீர் விட்டு அரைமணி நேரம் கொதிக்க வையுங்கள். வடித்து, ஆறவிட்டு, ஒரு மேசைக்கரண்டி வினாகிரி விட்டு, அந்த நீரிலேயே முட்டைகளை இட்டு மெல்லிய தீயில் அவியுங்கள். ஆறிய நீரில் இட்டால்தான் ஓடு வெடிக்காது. செங்கல் நிறம் வரும். முட்டையின்மேல் ஒரு கொத்தமல்லி இலையை ஒட்டவைத்து, பழைய நைலோன் காலுறைத் துண்டால் இறுக்கிக் கட்டி அவித்தால், இலை இருந்த இடம் மட்டும் வெளிறி நிற்கும். கடைசியாக எண்ணெய் தடவித் துடையுங்கள். அங்கே ஒலிவ் எண்ணெய், இங்கே தேங்காய் எண்ணெய் போதும். பழைய சட்டியில் செய்யுங்கள், கறை போகாது.

வெள்ளவத்தை வாசகி:

நன்றி அக்கா! இது நம் போர்த்தேங்காய் அல்லவா? சித்திரை வருடப்பிறப்புக்கு எங்கள் அப்பா சிரட்டை வைரமாக உள்ள தேங்காயாகப் பார்த்து, காதருகே வைத்துத் தட்டிச் சத்தம் கேட்டு வாங்குவார். ஒன்றைத் தரையில் வைக்க, மற்றதால் ஓங்கி அடிப்பார்கள். உடைந்தால் தோல்வி. லெபனான்காரர்கள் அதையே முட்டை அளவுக்குச் சுருக்கிவிட்டார்கள்.

மட்டக்குளி கடலோடி:

ரீச்சர் அம்மா, நான் எண்ணெய்க் கப்பலில் இயந்திரப் பகுதியில் வேலை செய்பவன். ஒரே கப்பலில், ஒரே வருடத்தில் இரண்டு உயிர்ப்பு விழா கண்டவன். 2024இல் கப்டன் கிரேக்கர், மாலுமிகளில் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ்காரர். பிலிப்பினோக்களுக்கு உயிர்ப்பு மார்ச் 31. கப்டனுக்கு மே 5.

ஏன் இப்படி என்றால், விதி ஒன்றுதான். வசந்த காலத்தில் இரவும் பகலும் சமமாகும் நாளுக்குப் பிந்திய முழுநிலவு, அதற்கு அடுத்த ஞாயிறு. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் போயாவுக்கு அடுத்த ஞாயிறு. ஆனால் கிரேக்கர்கள் பழைய ஜூலியன் நாட்காட்டியில் கணக்கிடுகிறார்கள். அது இப்போது 13 நாள் பின்தங்கி நிற்கிறது. நிலவுக் கணக்கும் அவர்களுக்குப் பழையது. சில வருடம் ஒன்றாகவே வரும், 2025இல் இருவருக்கும் ஏப்ரல் 20. சில வருடம் ஐந்து வாரம் விலகிப் போகும். இந்த வருடம் நமக்கு ஏப்ரல் 5, அவர்களுக்கு 12.

மார்ச் 31 விடியுமுன் நான்கு மணிக்கு என்னை எழுப்பினார்கள். சலுபோங் என்று அவர்கள் நாட்டு வழக்கம். அங்கே தெருவின் ஒரு பக்கமிருந்து உயிர்த்த இயேசுவின் சிலையும், மறுபக்கமிருந்து கறுப்பு முக்காடிட்ட மாதாவின் சிலையும் ஊர்வலமாக வரும். சந்திக்கும் இடத்தில் சம்மனசு (தேவதூதர்) வேடமிட்ட ஒரு சிறுமி அந்தக் கறுப்புத் துணியை நீக்குவாள். மகனைக் கண்ட தாய்க்குத் துக்கம் முடிந்தது என்று பொருள். கப்பலில் தெரு ஏது, சிறுமி ஏது? இடப்பக்கமிருந்து ஒரு குழு, வலப்பக்கமிருந்து ஒரு குழு. சமையற்காரரின் அறையிலிருந்த ஒரு சாண் உயர மாதா சிலை, அதன்மேல் கறுப்புத் துணித் துண்டு. சம்மனசு வேலை கப்பலில் இளையவனான பயிற்சி மாலுமிக்கு. இருபது வயது, மீசை அரும்பியவன். எண்ணெய்க் கப்பலின் மேல்தளத்தில் நெருப்பு ஏற்றக் கூடாது என்பதால் எல்லார் கையிலும் டோர்ச் லைட். அவன் துணியை எடுத்தபோது யாரும் சிரிக்கவில்லை. வீட்டைவிட்டு வந்து எட்டு மாதமாகிய ஆட்கள் அவர்கள்.

மே மாதம் கப்டனின் முறை. ஊரிலிருந்து கொண்டுவந்த சாயப் பொட்டலத்தில் முட்டை எல்லாம் இரத்தச் சிவப்பு. கிரேக்கர்களுக்குச் சிவப்பு முட்டைதான். அவர்களும் மோதி உடைக்கிறார்கள். நள்ளிரவில் "கிறிஸ்தோஸ் அநெஸ்தி", அதாவது கிறிஸ்து எழுந்தார், என்றார். ஆட்டுக் குடல் சூப் குடித்துத்தான் நோன்பு முடிக்க வேண்டுமாம். சமையற்காரரிடம் குடல் இல்லை, ஆகவே உறையவைத்த ஆட்டிறைச்சியில் சமாளித்தார். கப்டன் ஒரு கரண்டி குடித்துவிட்டு நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. சூப் சரியில்லாததாலா, ஊர் நினைவாலா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

கொட்டாஞ்சேனை அப்பம்மா (ஏப்ரல் 7):

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. ஒரு மாதமாக உங்கள் எழுத்தை வாசித்துக்கொண்டே இருந்தேன். நடந்ததைச் சொல்ல வேண்டியது கடமை.

முதலில் பேசாலைத் தம்பிக்கு. நீங்கள் ஏசியது சரி. என் தாயாரின் பிரசங்கப் புத்தகம் அலுமாரிக்குள் இருந்தது, பெரிய வெள்ளி மாலை எடுத்து வாசித்தேன். ராகம் பாதிதான் வந்தது. பேத்தி பத்து நிமிடம் கேட்டாள், பிறகு என் மடியில் தலைவைத்துத் தூங்கிவிட்டாள். ஆனால் தம்பி, நான் கேட்டது ஞாயிற்றுக்கிழமைக்கு. நீங்கள் எழுதியது முழுவதும் வெள்ளிக்கிழமை. அதுதான் என் பிரச்சினையே.

போயா வருமுன் கோழி வாங்கிவிட்டேன். போயாவன்று இறைச்சிக் கடை பூட்டு என்பதை மறந்து ஒரு வருடம் வெறும் சம்பலோடு அப்பம் தின்ற அனுபவம் இருக்கிறது. வெங்காயத் தோலுக்குச் சந்தையில் மூன்று கடை ஏறி இறங்கினேன். வெங்காயம் வேண்டாம் தோல் மட்டும் போதும் என்றவளை முதல் கடைக்காரர் பார்த்த பார்வை! மூன்றாவது கடைக்காரர் ஒரு பை நிறைய அள்ளித் தந்து, "என்ன வருத்தத்துக்கு அம்மா மருந்து?" என்று கேட்டார்.

சனி பகல் முப்பது முட்டை. இரண்டு வெடித்தன. கொத்தமல்லி இலை வேலை செய்தது. கறிவேப்பிலை அதைவிட நன்றாக வேலை செய்தது, நரம்பு நரம்பாகப் பதிந்தது. பேத்தி ஒரு முட்டையில் மெழுகுதிரியால் தன் பெயரை எழுதி அவித்துப் பார்த்தாள். கொதிநீரில் மெழுகு உருகும் என்று நான் சொல்லவில்லை. தானே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டேன். ஆசிரியைப் புத்தி போகாது.

மாலையில் மேசையைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போட்டோம். ஏழு வருடம் சுவரோரம் நின்ற மேசை, ஒரு கால் கறையான் அரித்திருந்தது. மகன் செங்கல் வைத்துச் சரிசெய்தான். அதற்குப் பிறகு நான் உள்ளே போய் மாவு கரைத்தேன். கை கொஞ்சம் நடுங்கியது. அதை யாரும் பார்க்கவில்லை.

காலையில் ஆறு வீட்டில் ஐந்து வீட்டுக் கதவு திறந்தது. ஒருவர் ஊருக்குப் போய்விட்டார். எதிர்வீட்டு முஸ்லிம் குடும்பமும் நானும் 2019க்குப் பிறகு மாடிப்படியில் தலையசைப்பதோடு நிறுத்திக்கொண்டவர்கள். யார் முதலில் நிறுத்தியது என்று எனக்கு நினைவில்லை, நானாகவும் இருக்கலாம். அந்தம்மா வட்டிலப்பத்தோடு வந்தார். "இதிலும் முட்டைதான் ரீச்சர், உடைத்துத்தான் போட்டிருக்கிறேன்" என்றார். நான் முதல் அப்பத்தை அவருக்கு வைத்தேன்.

மோதல் தொடங்கியது. எதிர்வீட்டுச் சிறுவன் சொல்லிக்கொடுக்காமலே முட்டையைப் பல்லில் தட்டிப் பார்த்தான். நீர்கொழும்புக்காரர் இரண்டாம் சுற்றில் அவுட். என் மகன் முதல் சுற்றிலேயே. பேத்தி நான்கு பேரை உடைத்துவிட்டு இறுதிச் சுற்றில் கடைசி வீட்டு மூதாட்டியிடம் தோற்றாள். எண்பத்திரண்டு வயது, கை நடுங்கும், ஆனால் முட்டை அசையவில்லை. வத்தளைத் தங்கை எழுதியது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வாங்கிப் பார்த்தேன். காலுறை தைக்க உள்ளே வைக்கும் மர முட்டை! வெங்காயத் தோல் நீரில் சனிக்கிழமையே ஊறப்போட்டிருக்கிறார். அந்தச் சாயத்தை அவருக்கு ஒரு கிண்ணத்தில் கொடுத்தனுப்பியதும் நான்தான். "ஐம்பது வருடம் தைத்தேன், எனக்கு ஒரு பரிசு வேண்டாமா?" என்று கேட்டுவிட்டு, தன் மார்சிபான் முட்டைகளைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டார்.

கடலோடித் தம்பிக்கு ஒரு செய்தி. உங்கள் பதிலை மகன் பேத்திக்கு வாசித்துக் காட்டிவிட்டான். கிரேக்கர்களுக்கு ஏப்ரல் 12தான் உயிர்ப்பு, ஆகவே தனக்கும் இன்னொரு சுற்று உண்டு என்று காலையிலிருந்து வாதாடுகிறாள். 14ஆம் திகதி வருடப்பிறப்பு, அதற்குப் போர்த்தேங்காயும் வேண்டுமாம். வெங்காயத் தோல் தீர்ந்துவிட்டது. நாளை அந்த மூன்றாவது கடைக்காரரிடம் என்ன வருத்தம் என்று சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.